எஸ்ஆர்ஒய்யின் நிழலில்

ஒய் குரோமோசோம் அழிகிறது, ஆண்களின் காலம் முடியப்போகிறது என்று ஆண்டுதோறும் எங்காவது ஒரு பத்திரிகை எழுதிவிடுகிறது. ஆஸ்திரேலிய மரபியலாளர் ஜெனிஃபர் கிரேவ்ஸின் கணக்குதான் இதற்கு மூலம். எக்ஸுக்கு ஜோடியாக இருந்த ஒய் தன் மரபணுக்களில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. இதே வேகத்தில் போனால் சுமார் ஒரு கோடி ஆண்டில் மிச்சமும் தீரும். சாட்சிக்கு ஜப்பானின் அமாமி தீவில் முள் போன்ற மயிர் கொண்ட ஓர் எலியைக் கொண்டுவருவார்கள். அதற்கு ஒய்யே கிடையாது. ஆணும் பெண்ணும் பிறக்கத்தான் செய்கின்றன. தொலைந்ததை எண்ணினார்களே தவிர மிஞ்சியதைப் படிக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை.

ஆரம்ப வரலாறு வாசகர் அறிந்தது. 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவுப்புழுவில் கண்ட சின்னஞ்சிறு குரோமோசோம். எக்ஸ் எத்தனை இருந்தாலும் ஒய் இருந்தால் ஆண் என்று மனிதரில் உறுதியான 1959. ஒய்யில் ஆணைத் தீர்மானிக்கும் மரபணுவான எஸ்ஆர்ஒய் அகப்பட்ட 1990. அந்த ஒற்றை மரபணு இரண்டு எக்ஸ் கொண்ட சுண்டெலியை ஆணாக்கிக் காட்டிய 1991. அது செய்வது அழகான புரதம், மறுப்பில்லை. மொத்தம் 204 அமினோ அமிலங்கள். நடுவில் எண்பது அளவிலான பகுதி மூன்று சுருள்களாக மடிந்து, டிஎன்ஏயின் குறுகலான பள்ளத்தில் ஆப்புபோல் இறங்கி, இழையையே வளைத்துவிடுகிறது. சாக்ஸ்9 மரபணு விழித்துக்கொள்கிறது. விந்தகம் உருவாகத் தொடங்குகிறது.

இந்த வெற்றிதான் ஒய்க்கு வினையாயிற்று. தொண்ணூறுகளில் விந்தணு இல்லாத ஆண்களின் ஒய்யில் அறுந்துபோன துண்டுகளைத் தேடி, ஆர்என்ஏயைப் பற்றும் டாஸ் போன்ற புரதங்களைக் கண்டார்கள். குழந்தைப்பேறு மருத்துவத்துக்கு மிகவும் உதவிய வேலை. ஆனால் ஒய் என்றால் விந்தகம், விந்தணு, வேறொன்றுமில்லை என்ற குறுகிய பார்வையும் அத்தோடு வேரூன்றிவிட்டது.

2003இல் மரபியலாளர் டேவிட் பேஜின் குழு ஒய்யின் டிஎன்ஏ வரிசையைப் படித்து முடித்தபோது, ஒய்யில் ஆணுக்கே உரிய பகுதியில் 78 மரபணுக்கள் சேர்ந்து 27 வகைப் புரதங்களைச் செய்வது தெரிந்தது. 2012இல் ரீசஸ் குரங்கின் ஒய்யை அருகில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டரைக் கோடி ஆண்டில் மனித ஒய் இழந்திருந்த ஆதி மரபணு ஒன்றே ஒன்று. தேய்மானக் கணக்கு அங்கேயே உடைந்தது. அதைவிட முக்கியமாக, 2014இல் வந்த பாலூட்டிகளின் ஒப்பாய்வு, தப்பிப் பிழைத்தவை தற்செயலாகப் பிழைக்கவில்லை என்று காட்டியது. அவற்றில் பல, உடம்பெங்கும் மரபணுக்களின் ஏற்ற இறக்கத்தையும் புரத உற்பத்தியையும் நடத்துபவை. எக்ஸில் ஒரு பிரதி, ஒய்யில் ஒரு பிரதி என்று இரண்டும் தேவைப்படுபவை.

இவற்றில் என்னை அதிகம் ஈர்த்தது யூடிஒய். அதன் எக்ஸ் இரட்டையான யூடிஎக்ஸ், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் ஒட்டியிருக்கும் மெத்தில் குழுக்களைக் கழற்றும் நொதி. யூடிஒய்க்கு அந்தத் திறன் அநேகமாக இல்லை. செத்த நொதியாகவே அதைப் பலர் கருதினார்கள். 2012இல் சுண்டெலி வேறு பதில் சொன்னது. யூடிஎக்ஸ் இல்லாத பெண் கருக்கள் பாதிக் கர்ப்பத்திலேயே மடிந்தன. ஆண் கருக்களில் சில, சிறுத்த உடலோடு என்றாலும், பிறந்து வளர்ந்தன. காப்பாற்றியது யூடிஒய். கழற்றும் வேலை தெரியாத புரதம் வேறெதையோ செய்கிறது. அது எது என்பதல்லவா இத்துறையின் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்?

ஒய்யில் மிஞ்சிய இன்னொரு மரபணுவான கேடிஎம்5டியின் கதை இன்னும் பழையது. ஒரே வம்சத்து ஆண் சுண்டெலியின் தோலைப் பெண் சுண்டெலி ஏற்க மறுக்கிறது என்று 1955இல் கவனித்தார்கள். தடுப்பாற்றல் அடையாளம் கண்ட அந்த ஆண் முத்திரை என்னவென்று மனிதரில் தெரிய நாற்பது ஆண்டு பிடித்தது. 1995இல் கிடைத்தது இந்தப் புரதத்தின் 11 அமினோ அமிலத் துண்டு. தோல் செல்லிலும் இரத்த செல்லிலும் உற்பத்தியாகும் ஒன்றை இனப்பெருக்கச் சாமான் என்று எப்படி ஒதுக்க முடியும்?

மிஞ்சியவற்றில் மூன்றாவதாக, இஐஎஃப்1ஏஒய்யைப் பாருங்கள். 144 அமினோ அமிலங்களில் எக்ஸ் இரட்டையோடு அதற்கு வேற்றுமை ஒன்றே. ஆனால் எக்ஸ் பிரதியை இதயத் தசையில் அடக்கிவைக்கும் நுண் ஆர்என்ஏ வந்து ஒட்டும் இடங்களை ஒய் பிரதி உதறிவிட்டது. ஆணின் இதயத்தில் அதன் கைதான் ஓங்கியிருக்கிறது. இவ்வளவு ஒத்த இரட்டையரைப் பிரித்தறியும் எதிர்ப்பொருள்கள் அரிது. அதனால் ஆய்வாளர்கள் ஆர்என்ஏயை எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பணமும் உழைப்பும் போக வேண்டியது இங்கே, புரதத்தையே அளக்கும் வேலைக்கு.

வயதான ஆண்களின் இரத்த செல்கள் பல ஒய்யைத் தொலைத்துவிடுகின்றன. புகைப்பவர்களிடம் இது அதிகம். ஒய் விந்தணுவுக்கு மட்டுமானால் எழுபது வயது இரத்தத்துக்கு அதனால் என்ன நட்டம்? 2022இல் ஒய் நீங்கிய எலும்புமஜ்ஜை செல்களைச் சுண்டெலிகளில் ஏற்றிப் பார்த்தார்கள். இதயம் நார்நாராகித் தடித்தது, ஆயுளும் குறைந்தது. இரண்டு ஆண்டு கழித்து, இரத்த செல்களில் யூடிஒய் ஒன்றை மட்டும் கெடுத்தார்கள். இதயத்தில் அதே தடிப்பு.

அமாமி எலியும் என் பக்கத்துச் சாட்சிதான். அது எஸ்ஆர்ஒய்யைக் கைவிட்டது. சாக்ஸ்9க்கு அருகே இரட்டித்த சுமார் 17,000 எழுத்துத் துண்டு ஒன்று அந்த வேலையை ஏற்றுக்கொண்டதாக 2022இல் ஹொக்கைடோவின் அசாதோ குரோய்வா குழு காட்டியது. ஆனால் ஒய்யில் குடியிருந்த பழைய மரபணுக்கள் பலவற்றை அந்த எலி விடவில்லை. அவை எக்ஸின் நுனிக்குக் குடிபெயர்ந்து இன்றும் அங்கே இருக்கின்றன.