பெயரெழுத்தும் பல்கலைக்கழக மரபும்

பல்கலைக்கழகங்கள் வெளியிடும் எழுத்துகள் பலவகைப்படும். சுற்றறிக்கை, அழைப்பிதழ், மதிப்பெண் சான்று, பட்டச் சான்று, ஆய்வேட்டின் முகப்பு, நூலக அட்டவணை என்பன அவற்றுட் சில. இவற்றிற்கெனச் சீரானதோர் எழுத்துமரபு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வல்லெழுத்து மிகும் இடம், சொல்லைச் சேர்த்தெழுதும் இடம், 'பெறுநர்' என்பதில் நிற்கும் நகரம் முதலியன பற்றி ஒருவாறு உடன்பாடும் உண்டு. ஆயின் பெயர்களை எழுதும் முறையில் மட்டும் குழப்பம் இன்றளவும் நீங்கவில்லை. அக்குழப்பத்தை ஆராய்தற்கு இராமநாதபுரக் கடற்கரை மிகப் பொருத்தமான இடமாகும். அம்மாவட்டத்தின் பெயரும், அங்குள்ள பெருந்தலத்தின் பெயரும், அம்மண்ணொடு தொடர்புடைய அறிஞர் சிலரின் பெயர்களும் ரகரத்தில் தொடங்குவனவோ, அதன்முன் நிற்கும் இகரத்தில் தொடங்குவனவோ என்னும் ஐயத்துக்கு இடந்தருகின்றன.

ரகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியந் தொட்டு வரும் விதி. வடசொல் தமிழில் வருங்கால் ரகரத்தின்முன் அ, இ, உ என்னும் மூன்று குறில்களுள் ஒன்றும், லகரத்தின்முன் இ, உ என்னும் இரண்டனுள் ஒன்றும் வரும் என்பது நன்னூலார் கூறும் விளக்கம். அரங்கம், இராமன், உரோமம், இலாபம், உலோபம் என்பன இவ்வாறு வந்தவை. இவ்விதி இலக்கண நூலளவில் நின்றதன்று. சம்பந்தரும் நாவுக்கரசரும் பாடிய தேவாரத்தில் இத்தலம் இராமேச்சுரம் என்றே வழங்குகின்றது. கம்பர் தம் காப்பியத்துக்கு இட்ட பெயர் இராமாவதாரம் என்பர். எனவே இகரம் முன்வைத்து எழுதுவோர்க்கு இலக்கணமும் இலக்கியமும் ஒருங்கே துணை நிற்கின்றன. இக்கட்டுரையும் அம்முறையையே மேற்கொள்கின்றது.

இனி இன்றைய வழக்கை நோக்குவோம். அச்சில் மிகுதியாகக் காணப்படும் வடிவம் 'இராமேஸ்வரம்' என்பது. இதன் தலையில் நன்னூல் விதி ஆட்சி செய்கின்றது. இடையில் கிரந்த எழுத்து நிற்கின்றது. விதியே அளவுகோல் எனின் இராமேச்சுரம் என்றோ இராமேசுவரம் என்றோ எழுதுதல் வேண்டும். ஒலிப்பே அளவுகோல் எனின் ராமேஸ்வரம் என எழுதுதல் வேண்டும். இரண்டினும் பாதி கொண்ட வடிவத்துக்கு வழக்கு ஒன்றே சான்று. வழக்கும் ஒரு சான்றே என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வடிவத்தை எழுதுவோர் இலக்கணத்தின் பெயரால் பிறரைத் திருத்தப் புகுதல் பொருந்தாது.

இவ்வேறுபாட்டின் விளைவு ஆய்வாளர்க்கே முதலில் புலனாகும். தனுஷ்கோடி என்னும் ஊர்ப்பெயர் தனுசுகோடி எனவும் தனுக்கோடி எனவும் எழுதப்படும். 1964 டிசம்பர் 22, 23 ஆகிய நாள்களின் புயலில் அழிந்த அவ்வூரைப் பற்றித் தேடும் மாணவர் மூன்று வடிவங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். அகரவரிசையிலோ இகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையே தொலைவு மிகப் பெரிது. கணிப்பொறியும் இத்தொலைவை முற்றும் போக்கவில்லை. எழுத்துத் தொடரை அப்படியே தேடும் கருவியில் 'ராமநாதபுரம்' என இடின் இருவகை வடிவங்களும் அகப்படும்; 'இராமநாதபுரம்' என இடின் ஒருவகையே அகப்படும். விதிப்படி எழுதுபவர்க்கே பாதி நூல்கள் மறைந்துபோகும் என்பது எண்ணத்தக்கது.

ஆட்பெயர்களில் இச்சிக்கல் இன்னும் கூர்மையுறுகின்றது. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழை முதற்கண் நடத்தியவரும், அவருக்குப்பின் நடத்தியவரும் இராகவையங்கார் என்னும் பெயரினர். இருவரும் இராமநாதபுரத்தொடு தொடர்புடையவர். பின்னவர்க்கு மு. என்னும் தலைப்பெழுத்து இருத்தலின் ஓரளவு தெளிவு உண்டு. முன்னவர் பெயரையோ ரா. ராகவையங்கார், ரா. இராகவையங்கார், இரா. இராகவையங்கார் என மூவகையாகவும் காண்கிறோம். இவற்றுள் நடுவில் நிற்கும் வடிவம் தலைப்பெழுத்துக்கு ஒரு நீதியும் பெயருக்கு வேறொரு நீதியும் வழங்குகின்றது. 'ஊரும் பேரும்' என்னும் நூலால் இத்துறைக்கே வழிகாட்டிய சேதுப்பிள்ளையும் ரா. பி. என்றே அறியப்பட்டவர். அவர்தம் தமிழ்ப்பற்றையும் இலக்கணப் புலமையையும் ஐயுறுவார் இலர். ஆயினும் அவர் பெயரை இரா. பி. எனத் திருத்தி அச்சிடும் வழக்கமும் உண்டு. திருத்துவோர் நோக்கம் நன்றே. ஆயின் தம் பெயரை ஒருவாறு எழுதி வந்த ஆசிரியரை அவர் காலத்துக்குப்பின் வேறுவாறு எழுதுவிக்கும் உரிமை பதிப்பாசிரியர்க்கு எங்கிருந்து வந்தது என்பதே வினா.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் ரகரத்தில் தொடங்கும் சொற்களுக்கும் இடம் தந்தது. மு. இராகவையங்கார் அவ்வகராதிப் பணியில் பங்கு கொண்டவர். இலக்கணம் அறியாமையால் அவ்விடம் தரப்பட்டதென எவரும் கூறார். நாட்டில் வழங்குவதைப் பதிவு செய்வது அகராதியின் கடமை. எழுதத்தக்கது இது என வரையறுப்பது இலக்கணத்தின் கடமை. இரண்டு கடமைகளும் வேறு என்பதைத் தெளிந்தமையே அதன் சிறப்பு. பல்கலைக்கழக அலுவலகங்கள் பின்பற்றத்தக்க தெளிவும் இதுவே.

இக்கடற்கரை மற்றொரு பாடத்தையும் தருகின்றது. கீழக்கரையில் வாழ்ந்து உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் ஷெய்கு அப்துல் காதிர் தமிழுலகில் சீதக்காதி ஆயினார். கிரந்த எழுத்து ஒன்றும் இன்றி நிற்கும் அப்பெயர் எந்த அலுவலகமும் இட்டதன்று. புலவரும் மக்களும் அன்பினால் வழங்கியது. வடவெழுத்தை நீக்கிக் கொள்ளுதலும், சிதைந்து வரினும் பொருந்தியவற்றை விலக்காமையும் தொல்காப்பியர்க்கு உடன்பாடு ஆதலின், இம்மாற்றம் தமிழ் மரபுக்கு முற்றும் இசைந்ததே. ஆனால் அதே கரையில், 1931-இல் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமின் தலைப்பெழுத்துகளை நோக்குக. அவுல் பகீர் ஜைனுலாப்தீன் என்பதன் சுருக்கம் ஆங்கில எழுத்தொலிப்பில் ஏ. பி. ஜே. ஆகின்றது, தமிழில் அ. ப. ஜெ. எனவும் ஆ. ப. ஜெ. எனவும் எழுதப்படுகின்றது. இவற்றுள் ஜகரத்தையும் நீக்கிச் சகரம் இடுதும் எனின் நான்காவது வடிவம் ஒன்று தோன்றும். சீதக்காதி என்பது காலம் கனிவித்த பெயர். அதனை முன்னிறுத்தி, வாழும் மாணவர் ஒருவரின் பெயரை ஓர் எழுத்தர் தம் மேசையில் ஒரு நொடியில் மாற்றுதல் மரபு ஆகாது.

இம்முடிவை அண்மைக்கால நிகழ்ச்சிகளும் வலியுறுத்துகின்றன. பெரியார் நெடுங்காலம் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. அது எழுத்தின் வரிவடிவை மாற்றியதேயன்றி எவர் பெயரின் ஒலியையும் மாற்றவில்லை. ஆகவே எளிதில் வேரூன்றியது. ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதுதற்கென 1018 பெயர்கள் கொண்ட பட்டியல் 2020 ஜூனில் வெளிவந்து, எதிர்ப்பு எழவே சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. 2021 டிசம்பரில் தலைப்பெழுத்தும் தமிழில் அமைதல் வேண்டும் என ஆணை பிறந்தது. இது வரவேற்கத்தக்கதே. எனினும் ஆங்கில ஆர் என்னும் எழுத்து ரா. ஆவதோ இரா. ஆவதோ என்னும் வினா அத்துடன் எழுகின்றது. பாக் நீரிணையைக் கடப்பின் வினா மேலும் விரியும். ஆங்கில டி என்னும் எழுத்தை யாழ்ப்பாணத்தார் ரி என எழுதுதல் நெடுநாள் வழக்கு. அங்கிருந்து வரும் 'ரி.' என்னும் தலைப்பெழுத்தை இங்குள்ள நூலகர் ஆர் எனக் கொள்ளின், ஒரே ஆசிரியர் இருவராகப் பிரிந்துவிடுவார்.

ஆதலின் மூவகைப் பெயர்க்கு மூவகை நெறி வகுத்தல் தகும். பொதுச்சொற்களில் இலக்கண விதியே தலைமை பெறுக. அங்குப் பல்கலைக்கழகம் தளர்தல் வேண்டா. ஊர்ப்பெயர்களில் ஒரு வடிவத்தைத் தேர்ந்து, தேர்ந்தமைக்குக் காரணமும் காட்டி, எல்லா வெளியீடுகளிலும் அதனையே பின்பற்றுக. ஆட்பெயர், நிறுவனப்பெயர் ஆகியவற்றில் உரியவர் எழுதும் வடிவமே வடிவம் எனக் கொள்க. தலைவரைக் காமராஜர் என எழுதுவாரும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்றே எழுதுதல் கடன். அஃது அந்நிறுவனம் தனக்கு இட்டுக்கொண்ட பெயர். நிறுவனத்துக்குள்ள அவ்வுரிமை மாணவர்க்கும் உண்டு. நூலக அட்டவணையில் மட்டும் பிற வடிவங்களிலிருந்து உரிய வடிவத்துக்கு வழிகாட்டும் குறிப்பு இடம்பெறுக.

இங்ஙனம் உரிமை தரின் இலக்கணம் அழியும் என்பார் உளர். ரகரம் மொழிமுதல் ஆகாது என்னும் விதியைக் கற்பிக்கும் இடம் வகுப்பறை. அங்கு அதனை அழுத்தந் திருத்தமாகக் கற்பிக்கலாம்; கற்ற மாணவர் தாமே விரும்பித் தம் பெயர்முன் இகரம் சேர்ப்பாராயின் மகிழலாம். ஆனால் பள்ளிச் சான்றில் ராமலட்சுமியாக இருந்தவர் பட்டச் சான்றில் இராமலட்சுமியாக மாறிவிடின், இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்கும் சுமை அப்பெண்ணின் தலையில் விழுகின்றது. உறுதிமொழிப் பத்திரமும் அலுவலக வாயிலில் காத்திருப்பும் அவர்க்கு உரியவாகின்றன. விதியைக் காத்த நிறைவு மட்டும் நமக்கு உரியதாகின்றது. கடற்கரைச் சிற்றூரிலிருந்து குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வருபவர்க்கு அச்சுமை சிறிதன்று. தமிழை வளர்க்கும் கடமை பூண்ட துறைகள் அதனை அவர்மேல் ஏற்றாதிருத்தல் வேண்டும்.