பாபெத்தின் விருந்தும் சபையின் ஒப்புரவும்

ஐசக் டினேசனின் 'பாபெத்தின் விருந்து' கதையைப் பற்றிப் பேச்சு வந்தாலே நண்பர்கள் முகத்தில் ஒரு கனிவு படர்ந்துவிடுகிறது. பிளவுண்டு கிடந்த ஒரு கிறிஸ்துவ சபை ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் ஒன்றாகிவிடுகிறது. எல்லோரும் மன்னிக்கிறார்கள், எல்லோரும் மன்னிக்கப்படுகிறார்கள். காப்ரியேல் ஆக்ஸெல் 1987ல் எடுத்த படத்தைப் பார்த்தவர்களிடம் இந்தக் கனிவு இன்னும் அதிகம். எனக்கு இதில் சம்மதமில்லை. கதை அத்தனை சாதுவானது என்று எனக்குப் படவில்லை.

நார்வேயின் கடலோரச் சிற்றூரான பெர்லெவோக்கில் ஒரு போதகர் லூத்தரன் திருச்சபைக்குள்ளேயே தனக்கென ஒரு கூட்டத்தை உண்டாக்கியிருந்தார். உலக இன்பங்களை ஒதுக்கியவர்கள். அவர் இறந்தபின் அவருடைய இரண்டு மகள்கள், மார்ட்டினாவும் பிலிப்பாவும், கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்தக் கூட்டத்தைக் கட்டிக்காக்கிறார்கள். கூட்டத்துக்கு வயதாகிறது, ஆள் குறைகிறது, இருப்பவர்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பிளவு எந்த வகையானது என்பதைக் கவனிக்க வேண்டும். கார்ல் டிரையரின் 'ஓர்டெட்' (1955) படத்தில் இருப்பது கொள்கைப் பிளவு. அதற்கு மூலம் காய் முன்க்கின் நாடகம். முன்க் யுட்லாந்தில் ஒரு கிராமத்துப் போதகராக இருந்து 1944ல் நாஜிகளால் கொல்லப்பட்டவர். அங்கே குருண்ட்விக்கின் வழிவந்த பண்ணையாரும் 'உள்மிஷன்' பிரிவைச் சேர்ந்த தையற்காரரும், யாருடைய விசுவாசம் மெய்யானது என்று மோதிக்கொள்கிறார்கள். இருவரையும் சேர்த்துவைப்பது ஒரு சவப்பெட்டி. பண்ணையாரின் மருமகள் இங்கர் பிரசவத்தில் இறந்த பிறகு தையற்காரர் இறங்கிவருகிறார். அவள் உயிர்த்தெழுவது அதற்கும் பிறகுதான். (இங்கராக நடித்த பிர்கிட்டா ஃபெடர்ஸ்பில்தான் முப்பத்திரண்டு வருஷம் கழித்து ஆக்ஸெலின் படத்தில் முதிய மார்ட்டினாவாக விருந்து மேஜையில் உட்காருகிறார். ஆக்ஸெல் யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும்.)

டினேசனின் சபையில் இப்படிப் பெரிய விஷயம் எதுவுமில்லை. மர வியாபாரத்தில் ஒரு சகோதரன் இன்னொரு சகோதரனை எப்போதோ ஏமாற்றியிருக்கிறான். இரண்டு கிழவிகள் ஒருவரைப் பற்றி ஒருவர் அவதூறு பேசியிருக்கிறார்கள். ஒரு கப்பல்காரருக்கும் ஒரு விதவைக்கும் வாலிபத்தில் இருந்த ரகசியத் தொடர்பு, இப்போது நித்திய தண்டனை பற்றிய பயமாக மாறி, பழியை யார் தலையில் போடுவது என்று வந்து நிற்கிறது. வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது பழகிய காரியம். ஒரு கடனை 'ரைட்-ஆஃப்' செய்துவிட்டால் அது கிளையின் ஐந்தொகையிலிருந்து போய்விடும். கடன்காரன் பெயரிலிருந்து போகாது. தனிப் பதிவில் கிடக்கும், வசூலுக்கு ஆள் போய்க்கொண்டேயிருப்பான். போதகர் உயிரோடிருந்தவரை இந்தச் சபை தன் கணக்குகளை அப்படித்தான் மூடிவைத்திருந்தது. நம் சிறுபத்திரிகைக் கூட்டங்களும் நினைவுக்கு வருகின்றன. நாமும் கொள்கையினால் பிரிந்ததாகத்தான் சொல்லிக்கொள்கிறோம்.

1871ல் பாரிஸ் கம்யூன் நசுக்கப்பட்டபோது தப்பி ஓடிவந்த பாபெத் அந்த வீட்டில் சமையற்காரியாகிறாள். கத்தோலிக்கப் பெண், கணவனும் மகனும் சுடப்பட்டு இறந்தவர்கள். பன்னிரண்டு வருஷம் கருவாடும் ரொட்டிக் கஞ்சியும் சமைக்கிறாள். லாட்டரியில் பத்தாயிரம் பிராங்க் விழுகிறது. போதகரின் நூறாவது பிறந்தநாளுக்கு ஒரே ஒரு பிரெஞ்சு விருந்து சமைக்க அனுமதி கேட்கிறாள். உயிருள்ள ஆமை வீட்டுக்குள் வருவதைப் பார்த்து மார்ட்டினா நடுங்கிப்போகிறாள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று சபையார் சத்தியம் செய்துகொள்கிறார்கள்.

கதையின் உயிர் இந்தச் சத்தியத்தில் இருக்கிறது. நாக்கு ருசியை அறிய மறுக்கிறது, ஆனால் ருசி தன் வேலையைச் செய்துவிடுகிறது. மர வியாபாரத்தில் ஏமாந்தவனும் ஏமாற்றியவனும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கப்பல்காரரும் விதவையும் ஒரு மூலையில், வாலிபத்தில் அவகாசம் கிடைக்காமல் போன ஒரு முத்தத்தைக் கொடுத்துக்கொள்கிறார்கள். நாற்பது வருஷப் பிரசங்கம் செய்யாததை ஆமை சூப்பும் காடையும் பழைய ஒயினும் செய்துவிட்டன. எதனால் நிகழ்ந்தது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. போதகரின் ஆசி என்றுதான் நினைப்பார்கள்.

தமிழ் விவிலியத்தில் இதற்கு 'ஒப்புரவாகுதல்' என்று பெயர். விலகிப்போனவர்கள் மறுபடி சேர்வது. வள்ளுவர் இதே சொல்லுக்குத் தந்திருக்கும் பொருள் வேறு. ஒப்புரவறிதல் என்ற அதிகாரம் ஊருக்குக் கொடுப்பதைப் பற்றியது; மழை கைம்மாறு கேட்பதில்லை என்பதில் தொடங்கி, இப்படிக் கொடுப்பதனால் கேடு வருமானால் அந்தக் கேட்டைத் தன்னை விற்றாவது வாங்கிக்கொள்ளலாம் என்பதில் முடிகிறது. இரண்டு அர்த்தமும் ஒரே மேஜையில் சந்திக்கின்றன என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. பாபெத் தன்னிடம் இருந்த அத்தனையையும் செலவழித்துவிட்டாள், சபை கூடிவிட்டது. ஆக, வள்ளுவரின் ஒப்புரவு பவுலின் ஒப்புரவைப் பெற்றெடுத்தது.

டினேசன் இதைச் சொல்ல விடவில்லை. எங்களுக்காக எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாயே என்று சகோதரிகள் உருகும்போது பாபெத் ஏறக்குறைய இகழ்ச்சியோடு அதை மறுக்கிறாள். தனக்காகச் செய்ததாகச் சொல்கிறாள். தான் பெரிய கலைஞி என்கிறாள். அதற்குமேல் சொல்வதுதான் சகிக்க முடியாதது. கஃபே ஆங்கிலேயில் அவள் சமையலைச் சாப்பிட்ட பிரபுக்கள்தான் பாரிஸ் ஏழைகளைப் பட்டினி போட்டவர்கள். அவள் கணவனையும் மகனையும் கொன்ற கலிஃபேயும் அந்த வாடிக்கையாளர்களில் ஒருவன். அவர்களுக்கு எதிராகத் தடுப்பரணில் நின்றவள் அவர்களுக்காகவே அழுகிறாள். அவள் யார் என்று ருசித்துத் தெரிந்துகொள்ளும் பயிற்சி அவர்களுக்கு மட்டுமே இருந்தது.

கலை சமூகத்தைக் குணப்படுத்த வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தை எப்படித் தாண்டுவார்கள் என்று தெரியவில்லை. குணப்படுத்த நினைக்காதவள் குணப்படுத்தியிருக்கிறாள். கலை கலைக்காகவே என்பவர்களுக்கும் இங்கே நிம்மதி இல்லை. அந்தக் கலையை அறிந்தவர்களின் கையில் அவளுடைய பிள்ளையின் ரத்தம் இருக்கிறது. ஆக்ஸெலின் படத்தில் இந்தப் பேச்சின் கடுமை பெரும்பாலும் கரைந்துபோய்விடுகிறது. சபையார் கிணற்றைச் சுற்றிக் கைகோத்துப் பாடும் காட்சி மனசில் தங்கிவிடுகிறது. அழகான காட்சிதான். ஸ்தெஃபான் ஓத்ரானின் முகத்தில் அந்தக் கடுமை கொஞ்சம் மிஞ்சியிருப்பதற்கு அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

விருந்துக்கு வந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரியும். இளமையில் மார்ட்டினாவைக் காதலித்து விலகிப்போன ஜெனரல் லோவன்ஹீல்ம். காடையைச் சுவைத்ததும் கஃபே ஆங்கிலேயின் சமையற்காரியைப் பற்றிக் கேள்விப்பட்டது அவருக்கு நினைவு வருகிறது, பிறகு எழுந்து கிருபையைப் பற்றிப் பேசுகிறார். கதையின் மிக உயர்ந்த பேச்சு அது. ஆனாலும் சமையலறையில் யார் என்று அவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வந்திருந்தால் அந்தப் பேச்சு அத்தனை உயரத்துக்குப் போயிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

எல்லோரும் போனபின், விருந்தினர் யாரும் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பது சகோதரிகளுக்கு உறைக்கிறது. உள்ளே போகிறார்கள். கழுவாத பாத்திரங்களுக்கு நடுவில் பாபெத் வெளுத்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். பிலிப்பா அவளை அணைத்துக்கொள்கிறபோது அந்த உடம்பு ஒரு பளிங்குச் சிலையைப் போல இருக்கிறது. வெளியே பனியில் சபையார் குழந்தைகளைப்போல விழுந்து எழுந்து சிரித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.