மூன்று என்றால் பாஸ் இல்லை: ஒயிட் ரிஸ்க் செயலி

லிஃப்ட் எட்டாத மலையில் ஸ்கீ மாட்டிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு முதல் நாள் மாலை 5 மணி முக்கியமான நேரம். சுவிட்சர்லாந்தின் தாவோஸில் உள்ள எஸ்எல்எஃப் என்ற பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் அப்போதுதான் மறுநாளுக்கான அறிக்கையை வெளியிடும். காலை 8 மணிக்கு அதைப் புதுப்பிக்கும். அறிக்கையையும் வரைபடத்தையும் சேர்த்துக் கைப்பேசியில் தருவது அதே நிறுவனத்தின் ‘ஒயிட் ரிஸ்க்’. தாவோஸை ஒட்டிய டிஷ்மா பள்ளத்தாக்கில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன்.

முதல் நாள் அபாய நிலை 3. ஐந்துக்கு மூன்று! நம் ஊர்ப் பள்ளியில் படித்த புத்தி இதை பாஸ் மார்க் என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவுக்குப் பலியாகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சிக்குவது இந்த நிலை 3 நாட்களில்தான். 4 என்று போட்டால் பெரும்பாலோர் மலைப்பக்கமே போவதில்லை. எண்ணைத் தொட்டால் விவரம் விரியும்: எத்தனை மீட்டருக்கு மேல், எந்தத் திசை பார்த்த சரிவு, காற்று குவித்த பனியா, அடியில் பழைய பலவீனமான அடுக்கா. படிக்க வேண்டியது அதைத்தான்.

30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகள் வரைபடத்தில் வண்ணத்தில் தெரியும். பலகை பலகையாகப் பெயரும் பனி பெரும்பாலும் அந்தச் சாய்வுக்கு மேல்தான் கிளம்பும். விரலால் பாதை வரைந்தேன். இரண்டு இடத்தில் வண்ணத்துக்குள் போனது. சோபாவில் உட்கார்ந்தபடியே பாதையைத் தள்ளி வரைந்தேன். மலையில், பின்னால் நாலு பேர் காத்து நிற்கும்போது இந்தப் பொறுமை வராது.

சாய்வுமானியும் உண்டு. ஸ்கீ கம்பைச் சரிவில் கிடத்தி, அதன்மேல் கைப்பேசியை வைத்தால் டிகிரி காட்டும். ஆனால் அளப்பதற்கு அந்தச் சரிவில்தானே நிற்க வேண்டும்? நின்ற பிறகு அளந்து என்ன பயன்?

இரண்டாம் நாள் காலடியில் ‘வூம்ப்’ என்று ஒரு சத்தம். உள்ளே இருந்த பலவீன அடுக்கு நொறுங்கியது. அதைக் கேட்கும் காது எந்தச் செயலிக்கும் இல்லை. திரும்பிவிட்டோம்.

இன்னொரு சிக்கல், கைப்பேசியே. பனிக்குள் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் டிரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. பக்கத்தில் கைப்பேசி இருந்தால் அது குழம்பும். ஏறும்போது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டராவது விலக்கி வைக்க வேண்டும். குளிரில் என் கைப்பேசி மதியத்துக்குள் அணைந்தும் போனது.

என் மதிப்பெண்: கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலைக்கு ஐந்துக்கு நாலரை, மலைமேல் இரண்டு. பாதையை வீட்டிலேயே முடிவு செய்து, வரைபடத்தை இறக்கிக்கொண்டு, கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு முதுகுப்பைக்குள் வைத்துவிடுங்கள்.