எந்த காலேஜ்?

ஊருக்குள் புதுசாகப் போனால் ‘எந்தத் தெரு?’ன்னு கேப்பாங்க. சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கண்டுபிடித்த கேள்வி அது. படித்தவர்களிடம் அதே கேள்வி ‘எந்த காலேஜ்?’ என்று வருகிறது.

எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு ஒரு தனியார் கல்லூரிக்கு நேர்காணலுக்குப் போனேன். சங்க இலக்கியம் பற்றி ஒரு கேள்வி இல்லை. சான்றிதழைப் புரட்டிய செயலாளர், “கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜா?” என்றார். அவ்வளவுதான், அனுப்பிவிட்டார்கள். நான் என்ன படித்தேன் என்பது அந்த மேசைவரை வந்து சேரவேயில்லை.

இந்தப் ‘பேர்’ எதனால் ஆனது? சென்னை மாநிலக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். 1840இல் தொடங்கியது. சி.வி. ராமனும் சந்திரசேகரும் படித்த காலத்தில் அது கலைமகள் கோயில். இன்று வடசென்னையிலிருந்தும், அரக்கோணம், திருவள்ளூர்ப் பக்கமிருந்து ரயிலேறியும் வருகிற, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். இப்போது அதன் பேர் என்ன? பஸ் டே, ரூட்டு தல, கத்தி. அடிதடியே இல்லை என்று நான் மழுப்பவில்லை. 2024இல் ஒரு மாணவரின் உயிரே போனது. அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் ஒன்றிய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் 2022, 2023 இரண்டு ஆண்டும் இந்தியக் கல்லூரிகளில் 3ஆம் இடம் இதே கல்லூரிக்குத்தான். 2022இல் லயோலா 4ஆம் இடம். இது எத்தனை பேர் வாயில் வந்தது? கட்டடம் அதேதான், கடற்கரை அதேதான். உள்ளே உட்காருகிற ஆள் மாறினான்; பேர் மாறிவிட்டது.

தரவரிசைப் பட்டியலையும் நான் கும்பிடவில்லை. அது எண்ணும் ஐந்து தலைப்புகளில் ஒன்று ‘பெர்செப்ஷன்’. வேலை கொடுப்பவர்களும் கல்வியாளர்களும் ஒரு கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு மதிப்பெண். அதாவது, பேருக்கே மார்க்கு! 95 விழுக்காடு வாங்கியவனை மட்டும் வாசலில் பொறுக்கியெடுத்து, 90 வாங்கவைத்து அனுப்புவதில் கல்லூரியின் சாமர்த்தியம் என்ன இருக்கு?

அதற்காக நான் படித்த கல்லூரியைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் மாட்டேன். நூலகம் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். பாடம் நடத்தியவர்களில் பாதிப் பேர் கௌரவ விரிவுரையாளர்கள். பேரில்தான் கௌரவம், வருஷத்துக்குப் பதினோரு மாதம்தான் சம்பளம். நூலகத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்டபோது வந்த பதில்: “வர்ற பசங்களுக்கு இது போதும்.” தோழர்களே, இதுதான் விஷயம். நல்ல பேர் அங்கே சொல்லித்தராததை மறைக்கிறது. கெட்ட பேர் இங்கே சொல்லித்தராமல் இருக்க அனுமதி கொடுக்கிறது. இரண்டிலும் தப்பித்துக்கொள்வது நிர்வாகம். பழி மட்டும் நம்ம பிள்ளைங்க தலையில்.

அம்பேத்கர் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களும் படிக்கும்படி காலையிலேயே வகுப்பு வைத்தார். மாணவனின் பிழைப்புக்கு ஏற்பக் கல்லூரி தன்னை மாற்றிக்கொள்வதும் தரம்தான். இதற்கு எந்தப் பட்டியலில் மார்க்கு?

போன வருஷம் அக்கா மகள் பிளஸ் டூ முடித்தாள். எங்கே சேர்வது என்று கேட்டாள். இவ்வளவு பேசுகிற நானே யோசிக்காமல், “நல்ல பேர் உள்ள காலேஜா பாரு” என்றேன். அவள் கேட்டாள்: “அங்க நல்லா சொல்லிக் குடுப்பாங்களா மாமா?”

பதில் என்னிடம் இல்லை. செயலாளர் என்னை அளந்த அதே படியால் நான் அவளுக்கு அளந்து கொடுத்திருக்கிறேன்.

நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? நூலகம் எத்தனை மணிவரை? உதவித்தொகை தாமதமானால் தேர்வெழுத விடுவார்களா? சேர்ந்த நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள்? படிக்கிற மாணவர்களே இதைத் திரட்ட முடியும். ஒவ்வொரு கல்லூரியிலும் திரட்டுவோம். எந்த காலேஜ் என்று கேட்கிறவனிடம் இனி இவற்றைத் திருப்பிக் கேட்போம்.