மேற்கோளும் ஏதுவும்

மணிமேகலையின் 29ஆம் காதை பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 எனத் தருக்கக் குற்றங்களை நிரல்படக் கூறுகின்றது. காப்பியச் சுவை ஈண்டுக் குன்றிற்று என்போர் கூற்று மறுத்தற்கரியது. ஆயினும், மேல்வகுப்பு மாணாக்கர்க்குக் காரணங்காட்டி எழுதப் பயிற்றுவோர் இதனைப் புறக்கணித்தல் தகாது.

மலையில் நெருப்புண்டு என்பது மேற்கோள், புகையுண்மை ஏது, அடுக்களை எடுத்துக்காட்டு. தருக்க வழக்கில் மேற்கோள் என்பது இனி நிறுவப்படவேண்டிய துணிபு. இன்றைய வகுப்பறையிலோ அச்சொல் ஆன்றோர் வாக்கையே குறிக்கின்றது. அவ்வாக்கை எடுத்துரைத்ததும் தன் துணிபு நிலைபெற்றதென மாணவன் அமைகின்றான். அறவண அடிகளோ காட்சி, அனுமானம் என்னும் இரண்டே அளவையெனக் கொண்டு, ஏனையவற்றை அனுமானத்துள் அடக்குகின்றார். ஆகவே, ஆன்றோர் வாக்கும் ஆராயப்படவேண்டிய சான்றேயன்றி ஆராய்ச்சியின் முடிபன்று.

இதனைக் கற்பிக்குமிடத்துப் போலிகளின் பட்டியலை முதலில் மனனஞ்செய்வித்தல் பயன்தராது. 27ஆம் காதையில், காட்சியொன்றையே அளவையாக ஒப்பும் பூதவாதியை நோக்கி, பெற்றோரை அனுமானத்தாலன்றி எங்ஙனம் அறிந்தனையென மணிமேகலை வினவுகின்றாள். அவ்வொரு வினாவில் தருக்கம் உயிர்பெறுகின்றது. காப்பியம் வாதத்தை முன்னும் அதன் இலக்கணத்தைப் பின்னும் வைத்தது. வகுப்பறைக்கும் அம்முறையே ஏற்றது.