கண்ணில்லாத காவல்காரன்

கதை எழுதுகிறவன் சட்டப் புத்தகத்தை விமரிசனம் செய்யக் கிளம்புவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். நான் சட்டம் படித்தவன் அல்ல. கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். ஆனால் நம் தேசத்துக் குற்றச் சட்டத்தை எழுதியவர்களும் கதைக்காரர்களுடைய வரப்பைத் தாண்டி வந்தவர்களே. 1837-ல் மெக்காலே தலைமையில் வரைவாகி, 1860-ல் சட்டமாகி, 1862-ல் அமலுக்கு வந்தது இந்தியத் தண்டனைச் சட்டம். அதில் பல பிரிவுகளின் கீழே குட்டிக் குட்டியாக உதாரணக் கதைகள் இருக்கின்றன. பாத்திரங்களுக்குப் பெயர் கிடையாது. ஏ, இஸட் என்று வெறும் எழுத்துக்கள். 2024-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவுகளின் எண் மாறிற்று. ஏயும் இஸட்டும் மட்டும் அப்படியே இருக்கிறார்கள்.

அந்தக் கதைகளில் ஒன்று இப்படிப் போகிறது. இரவில் ஒரு வீட்டுக்குள் ஏ நுழைகிறான். அந்த வீட்டுக்குள் நுழைய அவனுக்கு உரிமை உண்டு. உள்ளே இருக்கும் இஸட், அவனைக் கன்னம் வைக்க வந்தவன் என்று கள்ளமில்லாமலே நினைத்துப் பாய்கிறான். சட்டம் என்ன சொல்கிறது? இஸட் செய்தது குற்றமில்லை. ஆனால், தன்னை அடிக்க வருகிறவனிடமிருந்து தப்பிக்க ஏக்கு உள்ள உரிமையும் இதனால் ஒரு குன்றிமணி கூடக் குறையாது.

இதில் வில்லன் யார் என்று தேடிப் பாருங்கள்; கிடைக்கமாட்டான். இருட்டு இருக்கிறது, பயம் இருக்கிறது, இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் முப்பது பக்கம் எழுதியும் செய்ய முடியாத காரியத்தை நாலே வரியில் செய்திருக்கிறார்கள். முடியாத காரியம் என்று சும்மா அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அந்தத் தோல்வியைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரை.

பதினைந்து வருஷங்களுக்கு முன்னால் ஒரு கதை எழுதினேன். சாத்தூருக்குப் பக்கத்தில் கரிசல் காட்டில் ஒரு கிணற்றுத் தோட்டம். கடன் வாங்கிக் கடலை போட்ட சம்சாரி. ராத்திரி ராத்திரியாகக் களவு போகிறது. அவன் மோட்டார் ரூமிலிருந்து கம்பி இழுத்து வரப்பைச் சுற்றிக் கட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறான். விடியற்காலையில் வரப்பில் ஒரு பிணம் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு சாக்கு. அதைக் கண்ட சம்சாரி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போவதாகக் கதையை முடித்திருந்தேன். கரிசல் மண்ணின் கோபம் என்றார்கள். உழைப்பவனின் தர்மம் என்றார்கள். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு கடிதம் வேறு மாதிரி இருந்தது. விருதுநகரில் கோர்ட்டுக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் போஸ்ட் கார்டில் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘செத்தவன் எதற்கு வந்தான் என்று ஆசிரியருக்காவது தெரியுமா?’ நான் பதில் போடவில்லை. சாக்குத்தான் பக்கத்தில் கிடக்கிறதே, இதிலென்ன கேள்வி என்று நினைத்தேன். தெரியாது என்பதுதான் உண்மை. சாக்கை வைத்தவனே நான்.

கொஞ்ச காலம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது, எனக்கு மாமா முறையாகிற ஒருவருடைய மக்காச்சோளக் காட்டில் அதே மாதிரி கம்பி ஓடுவதைக் கண்டேன். காட்டுப்பன்றிக்காம். சீமைக்கருவேலம் மண்டிய கண்மாய்க்குள்ளிருந்து கூட்டமாக வந்தால் ஒரே ராத்திரியில் ஏக்கர் கணக்கில் உழுது தள்ளிவிட்டுப் போகும். மாமாவின் கஷ்டம் நிஜம். இருந்தாலும், “மனுஷன் எவனாவது மிதிச்சுட்டா என்ன மாமா பண்ணுவீங்க?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “ராத்திரியில நம்ம காட்டுக்குள்ள எவனுக்கு என்ன ஜோலி மருமகனே? நீயே கதையில எழுதியிருக்கியே!” என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து, இரவில் கரண்டு விடும் நேரம் பார்த்து மோட்டார் போட அத்தை எழுந்து போயிருக்கிறாள். வழியில் வீட்டு நாய் செத்துக் கிடந்தது. அதைப் பார்த்து நின்றாளே, அங்கிருந்து கம்பி ஐந்தடி தூரம்கூட இல்லை. விடிந்ததும் மாமா கம்பியைச் சுருட்டிவிட்டார். அந்த நாய் முந்திக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு என்னை இன்னும் விட்டபாடில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் போஸ்ட் கார்டைத் தேடி எடுத்தேன். சட்டப் புத்தகத்தையும் வாங்கினேன்.

சொத்துக்காரனைச் சட்டம் கைகட்டி நிற்கச் சொல்லவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை, புதியதில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் இதைப் பற்றியவை. திருட்டு, கொள்ளை, நாசவேலை, குற்ற எண்ணத்துடன் அத்துமீறி நுழைதல் ஆகியவற்றைத் தடுக்க அவன் பலத்தைப் பிரயோகிக்கலாம். இந்த அத்தியாயத்துக்கு எழுதிய குறிப்பில், இந்நாட்டு ஜனங்கள் அளவுக்கு மீறி அடங்கிப் போகிறவர்கள், இவர்களுக்குத் தைரியம் ஊட்ட வேண்டுமே தவிரக் கட்டுப்பாடுகளை அடுக்கக்கூடாது என்ற கருத்தை மெக்காலே குழுவினர் தெரிவித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள்!

ஆனால் இந்த உரிமைக்கு ஓர் அளவு உண்டு. காப்பதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் அடிக்கலாம். அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. சொத்துக்காக உயிரை எடுக்கும் எல்லை வரை போவதற்கு நாலே சந்தர்ப்பங்கள்தான் உண்டு. ஒன்று கொள்ளை. இரண்டு, பொழுது சாய்ந்து பொழுது விடிவதற்குள் கன்னமிட்டு வீடு புகுதல். மூன்று, குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்தைத் தீ வைத்தோ வெடி வைத்தோ நாசமாக்குதல். நாலாவது, தடுக்காவிட்டால் உயிரோ உறுப்போ போய்விடும் என்று அஞ்ச நியாயமான காரணம் இருக்கும்படி நடக்கிற திருட்டு, நாசவேலை, வீடு புகுதல். கடலைச் செடியைப் பிடுங்கியவனும் குறுக்கு வழியில் நடந்தவனும் இந்த நாலில் எதிலும் சேரமாட்டார்கள்.

எவ்வளவு தேவை, நியாயமான பயமா, உதவிக்கு அவகாசம் உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தக் கணத்தில் விடை காண வேண்டியவன் அங்கே நிற்கிற மனிதன். அவன் தவறலாம், இஸட்டைப்போல் தவறினாலும் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. ஏனென்றால் அவனுக்குக் கண் இருக்கிறது, காது இருக்கிறது, ‘யாரது?’ என்று கேட்க வாய் இருக்கிறது. கம்பிக்கு இவை ஒன்றும் கிடையாது. கம்பியைக் கட்டிவிட்டுப் படுக்கப் போகிறவன், யார் வந்தாலும் சரி, எதற்கு வந்தாலும் சரி என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதி வைத்துவிட்டுப் போகிறான். நான் கதை எழுதினதும் அந்த லட்சணத்தில்தான்.

இதற்குச் சாட்சியாக நம் சுப்ரீம் கோர்ட்டின் 1963-ம் வருஷத்துத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. சம்பவம் பீகாரில், 1959 ஜூலையில் நடந்தது. ஒரு வீட்டுக் கக்கூஸின் சுவர் இடிந்து விழுந்து, தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி ஆகிவிட்டது. அந்த வீட்டுப் பெண் பக்கத்து வீட்டுக் கக்கூஸுக்குப் போகத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பிடிக்கவில்லை. வாய்வார்த்தையில் தடுத்துப் பார்த்தான். பிறகு வழியில் உறையில்லாத செம்புக் கம்பியைக் கட்டி மின்சாரம் பாய்ச்சினான். எச்சரிக்கைப் பலகை ஒன்றும் இல்லை. அவள் போகும்போது கம்பியில் படாமல் போய்விட்டாள். திரும்பி வரும்போது கை பட்டது, இறந்துபோனாள்.

அத்துமீறி வந்தவள்தானே என்று வாதம் நடந்தது. அத்துமீறுகிறவன் தன் பொறுப்பில்தான் வருகிறான், அவனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை இடத்துக்காரனுக்கு இல்லை என்பதைக் கோர்ட் ஒப்புக்கொண்டது. அதற்காக, அவன் வந்தால் சாகட்டும் என்று பொறி வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்றும் தீர்த்துச் சொல்லிற்று. தண்டனை உறுதியாயிற்று. அந்தப் பெண் எதற்கு வந்தாள் என்று தீர்ப்பைப் படிக்கிற யாருக்கும் தெரிந்துவிடுகிறது. என் கதையைவிட அந்தத் தீர்ப்பு ஒசத்தி என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கிலாந்திலும் இந்தப் பாடத்தைக் கற்றுத்தான் தெரிந்துகொண்டார்கள். அங்கே தோட்டங்களில், கயிற்றில் கால் பட்டால் தானே வெடிக்கும் துப்பாக்கிகளை மறைத்து வைப்பது வழக்கமாக இருந்தது. ஒருவர் விலையுயர்ந்த ட்யூலிப் பூக்களைக் காக்க அப்படி வைத்தார். பக்கத்து வீட்டுப் பெண்மயில் ஒன்று தோட்டத்துக்குள் போய்விட்டது. அதைப் பிடித்துக் கொடுக்க வந்த பையன் சுவரில் ஏறி இரண்டு மூன்று தடவை குரல் கொடுத்தான். பதில் இல்லை. உள்ளே குதித்தான், குண்டு முழங்காலைப் பிளந்தது. 1828-ல் கோர்ட் பையன் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய வருஷமே பார்லிமெண்ட் அந்தத் துப்பாக்கிகளைத் தடை செய்திருந்தது.

‘ட்யூலிப் தோட்டம் வேறு, எங்கள் பிழைப்பு வேறு’ என்று சிவகாசி நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. முள்காட்டுக்கு நடுவில் தனித்தனி அறைகளாக நிற்கும் வெடி ஆபீஸுக்குள் ஒருவன் பீடியோடு புகுந்தால் அவன் மட்டுமா போவான்? வேலி போடவும், காவல் வைக்கவும், வருகிறவனைப் பிடித்து வெளியே தள்ளவும் அங்கே இருக்கும் நியாயம் வேறெங்கும் கிடையாது. ஆனால் மருந்து புழங்குகிற அந்த ஊருக்கே நன்றாகத் தெரிந்த பாடம், மருந்துக்கு ஆள் தெரியாது என்பதுதானே? 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி விபத்தில் இறந்தவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் அல்லர். புகையைக் கண்டு, சத்தத்தைக் கேட்டு, காப்பாற்ற முடியுமா என்று அக்கம்பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அனுமதியில்லாமல் உள்ளே வந்தவர்கள் என்று ஒரு பதிவேட்டில் எழுதலாம்; எழுதினால் கை கூசாதா?

சட்டத்தின் எழுத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. யார் அத்துமீறியவர் என்பது முன்பே முடிவான விஷயம்போல அது பேசுகிறது. எங்கள் பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை அத்துமீறல் என்று ராமநாதபுரம் ராஜா வழக்குத் தொடுத்தார். இரண்டு வருஷத்தில் சிவகாசியில் கோயில் பூசலே கலவரமாகி வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. கமுதி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் நாடார்களுக்கு விரோதமாகவே முடிந்தது. ஆனால் 1947-ல் சென்னை மாகாணத்தில் எல்லா ஹிந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிடும் சட்டம் வந்தது. மிக உயர்ந்த கோர்ட் அத்துமீறல் என்று சொன்ன காரியம் நாற்பதே வருஷத்தில் உரிமையாகிவிட்டது. கோடுகள் இப்படி நகர்கின்றன. உயிர் போனால் திரும்புவதில்லை.

மாமா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் நழுவக்கூடாது. பன்றிக்கு என்ன செய்வது? நேரடி லைன் இழுத்தால் உயிரே போகும். நொடிக்கு நொடி விட்டு விட்டு உதறி, பயமுறுத்தி மட்டும் அனுப்புகிற மின்வேலி வேறு. அதைப் பதிவு செய்து, அனுமதி பெற்றுத்தான் போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-ல் விதிகள் செய்திருக்கிறது. செலவு உண்டு, அலைச்சல் உண்டு. சம்சாரிக்கு அது பெரிய பாரம் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பாரத்தைக் குறைக்கச் சொல்லி எழுத வேண்டியதுதான் எழுத்தாளன் வேலை. கம்பியைத் தர்மம் என்று எழுதுவது அல்ல.

சென்ற மாதம் என் பதிப்பாளர், பழைய கதைகளைத் தொகுதியாகப் போடுகிறோம், அந்தக் கடலைக்காட்டுக் கதை கட்டாயம் வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார். எடுத்துப் படித்துப் பார்த்தேன். மொழி நன்றாகத்தான் இருக்கிறது. வெயில் இருக்கிறது, மண்ணின் வெடிப்பு இருக்கிறது, கடன்காரன் இருக்கிறான். வரப்பில் கிடக்கிறவன் மட்டும் இல்லை. அவன் எந்த ஊர், யாருக்குப் பிள்ளை, அந்தச் சாக்கை எங்கிருந்து எடுத்து வந்தான், கடலைக்குத்தான் வந்தானா அல்லது மயங்கி விழுந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போக வந்தானா, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

தெரிந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். விருதுநகர் பெரியவருக்கும் ஒரு கார்டு போட்டேன். அது விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.