அந்தியில் மறையும் முகங்கள்

செவ்வானத்தின் முன் ஒருவரை நிறுத்தி, வானொளிக்கு ஏற்பப் படக்கருவியை அமைத்தால் அவர் கருநிழலுருவாகிவிடுவார். முகத்தை இழந்து படம் பெறுவது யாது என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டியது.

யிப் சியோங் ஃபன் 1957இல் தஞ்சோங் ரூவில் எடுத்த, விடியலில் துடுப்பு வலிப்போரின் படத்தைக் காண்க. (அது வைகறைதான், எனினும் தாழ்கதிரின் இயல்பு ஒன்றே.) உடலின் சாய்விலேயே அங்கு உழைப்பு தெரிகிறது, முகம் தேவைப்படவில்லை. 1984இல் கலாசாரப் பதக்கம் பெற்ற கலைஞர் அவர்.

சிராங்கூன் சாலைப் படங்களோ பெரும்பாலும் ஏமாற்றுகின்றன. வீரமாகாளியம்மன் கோபுரத்தின் வண்ணச் சுதையுருவங்கள் கரிய முக்கோணமாகிவிடுகின்றன. அஃது எவ்வூர்க் கோபுரமாகவும் இருக்கலாம். கட்டுமானச் சாரத்தில் நிற்கும் தொழிலாளியின் நிழலுரு இன்னும் உறுத்துகிறது. பகலெல்லாம் எவரும் முகம் நோக்காத ஒருவரை, அந்தியிலும் முகமின்றி அழகுப்பொருளாக்குவது எவ்வகையில் நியாயம்? துடுப்பு வலிப்போரிடம் செயல் இருந்தது. இவரிடம் வெறும் நிற்றலே இருக்கிறது.

நிலநடுக்கோட்டை அடுத்த சிங்கப்பூரில் கதிரவன் ஏறத்தாழ ஏழு மணிக்குச் செங்குத்தாக விழுகிறான். அந்தியொளி சுமார் 20 நிமிடமே நிற்கும். படமெடுப்போர் பலர் அதற்குள் கருவியை மூடிவிடுகின்றனர். அப்போதுதான் தேக்காவின் கடைவிளக்குகள் எதிரிலிருந்து முகங்களில் படுகின்றன; வானும் இன்னும் சிவந்தே இருக்கிறது.